அரசர் எழுந்து நின்றாரா, சிறைக்கதவு திறந்ததா?



டிசம்பர் பிறந்துவிட்டால் என் வாட்ஸ்அப்புக்குத் தவறாமல் வந்து சேரும் ஒரு பதிவு உண்டு. ஹேண்டல் என்ற இசையமைப்பாளர் கடனில் மூழ்கி, உடல் தளர்ந்து, எல்லோராலும் கைவிடப்பட்டுக் கிடந்தாராம். ஒருநாள் அறையைப் பூட்டிக்கொண்டவர் 24 நாள் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் 'மெசையா' முழுவதையும் எழுதி முடித்தாராம். அல்லேலூயா கோரஸை முடித்த நேரத்தில் வேலைக்காரர் உள்ளே போய்ப் பார்த்தால், கண்ணில் நீர் வழிய, சொர்க்கத்தையே பார்த்துவிட்டேன் என்றாராம். பிறகு லண்டனில் அதைக் கேட்ட அரசர் தன்னை மறந்து எழுந்து நின்றாராம். அதனால்தான் இன்றும் எல்லோரும் நிற்கிறோமாம். கீழே வழக்கம்போல, 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.'

இந்த வருடம் இதுவரை ஆறு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் நான்கு பேர் என்னிடம் வரலாறு படித்தவர்கள்! சான்று எங்கே என்று கேட்கச் சொல்லித்தானே 34 வருடம் கத்தினேன்? சரி, பரவாயில்லை. கோபமில்லை. ஆனால் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட, நான் நினைப்பதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். 'மெசையா'வைப் பற்றி நாம் பரப்பும் கதை, அதன் உண்மை வரலாற்றைவிடச் சின்னது. நம் கதையில் ஒரு மேதையும் ஓர் அரசரும் இருக்கிறார்கள். உண்மை வரலாற்றில் கடனுக்காகச் சிறையில் கிடந்த ஏழைகள் இருக்கிறார்கள், ஊர் தூற்றிய ஒரு பெண் இருக்கிறாள், தாயால் வளர்க்க முடியாமல் விடப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். இவர்களையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு அரசரை மட்டும் நாம் ஏன் ஞாபகம் வைத்திருக்கிறோம்?

முதலில், தெரியாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். உறவுகளில் பலர் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். 'மெசையா' ஓர் ஆரட்டோரியோ. அதாவது தனிப்பாடகர்கள், பாடகர் குழு, வாத்தியக் குழு எல்லாம் சேர்ந்து நிகழ்த்தும் பெரிய இசைப் படைப்பு. வேஷம் கிடையாது, நடிப்பு கிடையாது. முழுதும் கேட்க ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். மூன்று பாகம். கிறிஸ்துவின் வருகையைப் பற்றிய தீர்க்கதரிசனமும் பிறப்பும் முதல் பாகம். பாடுகளும் மரணமும் உயிர்த்தெழுதலும் இரண்டாம் பாகம். மரணத்தை வெல்லும் நம்பிக்கை மூன்றாம் பாகம். நம் ஊர் ஆலயங்களில் கிறிஸ்மஸ் சமயத்தில் பாடும் அல்லேலூயா கோரஸ், உண்மையில் இரண்டாம் பாகத்தின் முடிவில் வருவது. படைப்பே அதோடு முடிந்துவிடுவதில்லை. முதல் நிகழ்ச்சி நடந்ததும் கிறிஸ்மஸ் காலத்தில் அல்ல, ஏப்ரல் மாதத்தில்.

வார்த்தைகளைத் தொகுத்தவர் ஹேண்டல் இல்லை. சார்லஸ் ஜெனன்ஸ் என்ற இங்கிலாந்து நிலக்கிழார். பழைய ஏற்பாட்டிலிருந்தும் புதிய ஏற்பாட்டிலிருந்தும் வசனங்களைப் பொறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் கொடுத்தவர் அவர். அந்தக் கோப்பில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஆனால் நம் வாட்ஸ்அப் கதையில் பாவம், அவருக்கு இடமே இல்லை. போதாக்குறைக்கு, ஹேண்டல் போதிய அக்கறை எடுக்காமல் அவசரமாக எழுதிவிட்டார் என்று குறைப்பட்டுக்கொண்டவரும் இதே ஜெனன்ஸ்தான்!

இப்போது 24 நாள் கதைக்கு வருவோம். 24 நாள் என்பது உண்மை. 1741 ஆகஸ்ட் 22 அன்று தொடங்கி செப்டம்பர் 14 அன்று முடித்தார். கையெழுத்துப் பிரதியில் தேதிகள் இருக்கின்றன. அது இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரதியைப் பார்த்தால் சொர்க்கத்திலிருந்து சொல்லச் சொல்ல எழுதியது போலத் தெரியாது. அடித்தல் திருத்தல், மை ஈஷல் எல்லாம் உண்டு. வேலை செய்த மனிதனின் பிரதி அது.

இன்னொரு செய்தி. அதே 1741 ஜூலை மாதம் ஹேண்டல் இத்தாலிய மொழியில் சில இருவர் பாடல்களுக்கு இசை அமைத்திருந்தார். பக்திப் பாடல்கள் அல்ல. காதலை நம்பாதே என்கிற ரகம். அந்த மெட்டுகளைத்தான் எடுத்து, தட்டிக்கொட்டி, 'மெசையா'வின் நான்கு கோரஸ்களாக ஆக்கினார். நமக்கொரு பாலகன் பிறந்தார் என்று பாடும் புகழ்பெற்ற கோரஸும் அதில் ஒன்று. காதல் பாட்டு மெட்டு பாலகனுக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல சமையற்காரி நேற்று அரைத்த மாவை வீணாக்க மாட்டாள்.

வேகமும் அவருக்குப் புதிதல்ல. கோடைக்காலத்தில் எழுதி, குளிர்காலத்தில் அரங்கேற்றுவது அவர் வழக்கம். 'மெசையா'வை முடித்த கையோடு 'சாம்சன்' என்ற அடுத்த ஆரட்டோரியோவைத் தொடங்கி அக்டோபர் முடிவதற்குள் ஒரு வடிவம் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு 56 வயது. சிறுவயதிலிருந்து செய்த வேலை விரலில் இருந்தது. பிள்ளைகளே, 24 நாளைப் பார்த்து வாய் பிளக்கிறோம், அதற்கு முன்னால் இருந்த பல பத்து வருட உழைப்பைப் பார்க்க மறுக்கிறோம். ஆசிரியையாக எனக்கு இந்தக் கதையில் பிடிக்காத முதல் விஷயம் இதுதான். பெரிய காரியங்கள் ஒருநாள் வானத்திலிருந்து விழும் என்று ஒரு குழந்தை நம்பினால், நாளைக்கு யார் உட்கார்ந்து பயிற்சி செய்வது?

ஓட்டாண்டியாக இருந்தார் என்பதும் மிகை. இத்தாலிய ஓபரா நடத்தியதில் நஷ்டமும் மனவேதனையும் உண்டு. 1737இல் வலது கை செயலிழக்கும் அளவுக்கு நோய் வந்ததும் உண்மை. ஆனால் அரண்மனையிலிருந்து வருடத்துக்கு 600 பவுண்டு வந்துகொண்டே இருந்தது. லண்டனில் புரூக் தெருவில் நல்ல வீடு. சொர்க்கத்தைப் பார்த்தேன் என்று அழுததாகச் சொல்லும் கதைக்கு அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை.

அரசர்? 1743 மார்ச் 23 அன்று லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் 'மெசையா' முதல்முறை நடந்தது. இரண்டாம் ஜார்ஜ் வந்தார், எழுந்தார் என்று அந்த வருடத்துச் செய்தித்தாள் எதுவும் சொல்லவில்லை. அரசர் ஒரு நாடகக் கொட்டகைக்கு வந்து எழுந்து நின்றிருந்தால் பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்தக் கதை முதன்முதலாக எழுத்தில் வருவது 1780இல், ஒருவர் இன்னொருவரிடம் கேட்டதாக எழுதிய கடிதத்தில். நடுவில் 37 வருடம். என் வகுப்பில் இதை விடைத்தாளில் எழுதியிருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன்.

இவ்வளவையும் சொன்னது உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க அல்ல. இந்தக் கதைகளை நகர்த்தி வைத்தால்தான் பின்னால் இருப்பது தெரியும். வாருங்கள், டப்ளினுக்குப் போவோம்.

1741 நவம்பரில் ஹேண்டல் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்குக் கப்பலில் வந்து இறங்கினார். அப்போது அயர்லாந்தை ஆண்டுவந்த அரசப் பிரதிநிதி டெவன்ஷயர் கோமகனின் அழைப்பு அது. ஃபிஷாம்பிள் தெருவில் அந்த அக்டோபரில்தான் ஒரு புதிய இசை மண்டபம் திறந்திருந்தது. அந்த மண்டபத்தைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? கடனுக்காகச் சிறைப்பட்டவர்களை மீட்பதற்காகவே இசை நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டிய ஓர் அறக்கட்டளைச் சங்கத்தார்.

கடனுக்குச் சிறை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. அந்தக் காலத்தில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கடன் கொடுத்தவர் நினைத்தால் வாங்கியவரைச் சிறையில் தள்ளலாம். திருடவில்லை, கொல்லவில்லை, வாங்கிய பணத்தைக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். உள்ளே போனவர் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காமல் கடனை அடைக்க முடியாது. அடைக்காமல் வெளியே வர முடியாது. இது போதாதென்று சிறைக் காவலருக்கும் கட்டணம் கட்ட வேண்டும். கடன் தீர்ந்த பிறகும் அந்தக் கட்டண பாக்கிக்காக உள்ளேயே கிடந்தவர்கள் உண்டு. தச்சர், தையற்காரர், சின்னக் கடைக்காரர் என்று சாதாரணக் குடும்பங்கள் இதில் நொறுங்கின. இந்தச் சட்டம் இங்கிலாந்தில் பெருமளவு ஒழிய 1869 வரையும், அயர்லாந்தில் 1872 வரையும் ஆனது.

1742 மார்ச் கடைசியில் டப்ளின் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வந்தது. ஹேண்டலின் புதிய ஆரட்டோரியோ நடக்கப்போகிறது, வரும் பணம் மூன்று காரியங்களுக்கு: சிறைகளில் இருக்கும் கடனாளிகளின் மீட்புக்கு, மெர்சர் மருத்துவமனைக்கு, இன்ஸ் கீ பகுதியில் இருந்த ஏழைகள் மருத்துவமனைக்கு. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உலகப் புகழ்பெற்ற 'மெசையா' முதன்முதலாக விளம்பரமாவதே சிறைவாசிகளின் பெயரோடுதான். பிற்காலத்தில் ஒட்டவைத்த புண்ணியம் அல்ல அது.

பாடுவதற்கு ஆள் வேண்டுமே. டப்ளினின் இரண்டு பேராலயங்களிலிருந்து பாடகர்களைக் கேட்டார்கள். புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குரு யார்? 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட்! முதுமையில் மனம் தடுமாறிக்கொண்டிருந்த அவர், என் பாடகர்கள் பிடில்காரர்களோடு சேர்ந்து பாடுவதா என்று அந்த ஜனவரியில் தடை போட்டார். பிறகு எப்படியோ வழி பிறந்து, இரண்டு பேராலயக் குழுவினரும் பாடினார்கள்.

நிகழ்ச்சி ஏப்ரல் 13 அன்று நண்பகலில் நடந்தது. 600 பேருக்கான மண்டபத்தில் 700 பேரை உட்கார வைக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பெண்கள் பாவாடையை அகலமாக விரிக்கும் வளையங்களை அணியாமலும், ஆண்கள் இடுப்பில் வாள் இல்லாமலும் வரும்படி செய்தித்தாளிலேயே வேண்டுகோள் விடுத்தார்கள். எனக்கு இந்த விவரம் மிகவும் பிடிக்கும். வளையத்தையும் வாளையும் வீட்டில் வைத்துவிட்டு வா, உன் பகட்டு எடுக்கும் இடத்தில் இன்னொருவர் உட்காரலாம், அவர் கொடுக்கும் காசில் ஒரு கைதி வெளியே வரலாம். இதைவிடத் தெளிவாக ஒரு பிரசங்கம் பண்ண முடியுமா?

ஏறத்தாழ 400 பவுண்டு சேர்ந்தது. மூன்று காரியங்களுக்கும் சமமாகப் பிரித்தார்கள். ஹேண்டல் தன் பங்குக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. வயலின் வாசித்து வாத்தியக் குழுவை நடத்திய டுபூர்க், தனிப்பாடகிகள் இருவர், பேராலயப் பாடகர்கள் எல்லோரும் ஊதியம் வாங்காமல் பாடியதை டப்ளின் செய்தித்தாள் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியிருக்கிறது. கடன் சிறையிலிருந்து 142 பேர் விடுதலையானார்கள் என்று பதிவு சொல்கிறது. 142 பேர்! அவர்கள் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் இருந்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் அவர்கள் வீட்டு அடுப்பில் அந்த வாரம் தீ எரிந்திருக்கும். எனக்கு 'மெசையா'வின் முதல் ரசிகர்கள் என்றால் அவர்கள்தான்.

தனிப்பாடகிகளில் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுசன்னா சிப்பர். லண்டனில் பெயர் பெற்ற நடிகை. அவளுடைய கணவன், மனைவியை இன்னொருவன் கெடுத்துவிட்டான் என்று 1738இல் வழக்குப் போட்டு 5,000 பவுண்டு நஷ்டஈடு கேட்டான். விசாரணையில் வெளிவந்தது என்னவென்றால், அந்த உறவுக்கு உடந்தையாக இருந்து பணம் கண்டவனே கணவன்தான். நடுவர்கள் அவனுக்கு 10 பவுண்டு மட்டும் கொடுத்தார்கள். ஆனால் மானம் போனது யாருக்கு? அவளுக்கு. சாட்சிகள் சொன்ன அந்தரங்கமெல்லாம் அச்சடித்து விற்பனையானது. மேடையை விட்டே ஒதுங்கிப் போனாள். சில வருடம் கழித்து டப்ளினில் மீண்டும் தலைகாட்டிய அவளை ஹேண்டல் அழைத்தார். அவளுக்கு இசைக்குறிப்புப் படிப்பதில் பெரிய தேர்ச்சி இல்லை. குரலும் சின்னக் குரல். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார்.

அவள் பாடியது எந்தப் பாடல்? ஏசாயா 53ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த பகுதி. மனிதரால் அசட்டை பண்ணப்பட்டவரைப் பற்றியது. ஊரே அசட்டை செய்த ஒரு பெண் அதைப் பாடியபோது அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! என் கருத்தில் 'மெசையா'வின் மையம் அங்கேதான் இருக்கிறது. அல்லேலூயா அதற்குப் பிறகு வருகிறது. அசட்டை பண்ணப்பட்டவர்தான் ராஜா என்று அந்தப் படைப்பு சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டு, லண்டன் அரசர் எழுந்தாரா உட்கார்ந்தாரா என்று நாம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

லண்டனில் கதையே வேறு. புனித வசனங்களை நாடகக் கொட்டகையில், நடிகைகள் வாயால் பாடுவதா என்று பத்திரிகையில் கண்டனம் எழுந்தது. 'மெசையா' என்ற பெயரையே போடாமல் 'ஒரு புதிய புனித ஆரட்டோரியோ' என்று விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. சில முறை நடந்ததோடு அடங்கிப்போனது. அதைத் திரும்ப எழுப்பியவர்கள் யார்? கைவிடப்பட்ட குழந்தைகள்.

தாமஸ் கோரம் என்ற ஓய்வுபெற்ற கப்பல் தலைவர், லண்டன் தெருக்களில் விடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்று 17 வருடம் நடையாய் நடந்து, 1739இல் அரச அனுமதி பெற்றார். 1741இல் முதல் குழந்தைகளைச் சேர்த்தார்கள். இடம் குறைவு, வரும் தாய்மாரோ அதிகம். அதனால் ஒரு பையில் பந்துகளைப் போட்டுத் தாயையே எடுக்கச் சொன்னார்கள். வெள்ளைப் பந்து வந்தால் நோயில்லாத குழந்தை உள்ளே. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையோடு திரும்பிப் போக வேண்டும். அந்தத் தாய் பைக்குள் கைவிடும் நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அந்த இல்லத்தின் ஆலயத்தில் 1750 மே 1 அன்று ஹேண்டல் 'மெசையா' நடத்தினார். ஆலயத்துக்கு ஓர் ஆர்கனும் கொடுத்தார். டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பும் அளவுக்குக் கூட்டம். அதனால் மே 15 அன்று மறுபடியும் நடத்தினார். அதன்பின் வருடந்தோறும் நடந்தது. இல்லத்துக்கு இந்த நிகழ்ச்சிகளால் ஏறத்தாழ 7,000 பவுண்டு கிடைத்தது. கண்பார்வை போன பிறகும் அவர் இதை விடவில்லை. 1759 ஏப்ரல் 14 அன்று இறந்தார். அதற்கு எட்டு நாள் முன்புகூட ஒரு 'மெசையா' நிகழ்ச்சியில் இருந்தார். உயிலில் இசைக்குறிப்பின் ஒரு நகலை அந்தக் குழந்தைகள் இல்லத்துக்கு எழுதி வைத்திருந்தார். கொட்டகையில் வைத்து வேண்டாம் என்றார்கள். குழந்தைகளுக்காகப் பாடியபோது ஊரே வந்தது. 'மெசையா' இன்று நம் கைக்கு வந்து சேர்ந்த பாதை இதுதான்.

ஹேண்டலை நான் தெய்வமாக்கவில்லை. வரலாறு படித்தவள் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் பங்குகளை 1720இல் வாங்கியவர்கள் பட்டியலில் ஹேண்டல் பெயரும் இருக்கிறது. டப்ளினில் கடனாளிகளின் சிறைக்கதவைத் திறக்க உதவிய அதே கை, அதற்கு முன்னால் அந்தப் பதிவேட்டில் கையெழுத்து வைத்திருக்கிறது. இதை மறைத்து ஒரு புனிதரின் கதையாகச் சொல்வது, அந்தக் கப்பல்களின் அடித்தளத்தில் சங்கிலியில் கிடந்தவர்களை இரண்டாவது முறை மறைப்பது. அதற்காகப் பாட்டைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டு சொல்வது அதை எழுதியவரையும் சேர்த்துத்தான் கேள்வி கேட்கிறது. பாடும் நம்மையும் கேட்கிறது.

இங்கே ஒருவர் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். "டீச்சர், அந்தக் கதையைப் படித்து நாலு பேர் மனம் உருகினால் என்ன தப்பு? நம்பிக்கை வளர்கிறதே?" நியாயமான கேள்விதான். மனம் உருகுவதில் தப்பில்லை. ஆனால் எதைப் பார்த்து உருகுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அறையில் தனியாக அழுத மேதையைப் பார்த்து உருகினால், கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்துப் பேருக்கு அனுப்புவோம். அதோடு முடிந்தது. 142 பேரைப் பார்த்து உருகினால், நான் என்ன செய்யலாம் என்ற அடுத்த கேள்வி தானாக வரும். முதல் கதை நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது என் சந்தேகம்.

பாடகர் குழுவில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. "எங்கள் கொயர் சின்னது டீச்சர், நாங்கள் பாடினால் எடுபடாது" என்று இருவர் எழுதியிருந்தீர்கள். டப்ளினில் பாடியதும் சிறிய குழுதான். கம்பி வாத்தியங்கள், இரண்டு டிரம்பெட், டிம்பனி என்ற ஜோடி முரசு, ஆர்கன், அவ்வளவுதான் பின்னணி. ஹேண்டல் இறந்து 25 வருடம் கழித்து, 1784இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் 500 பேருக்கு மேல் சேர்ந்து நிகழ்த்தியதிலிருந்துதான் பிரம்மாண்டம் என்ற பழக்கம் ஆரம்பித்தது. ஆகவே தைரியமாகப் பாடுங்கள். முடிந்தால் அல்லேலூயாவோடு நிறுத்தாமல், அந்த அசட்டை பண்ணப்பட்டவரின் பாடலையும் ஒருவரைப் பாடச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கே பாடினாலும், அன்றைய காணிக்கையில் ஒரு பங்கை வெளியே வர முடியாதவர் ஒருவருக்கு ஒதுக்குங்கள். நம் நாட்டில் கடனுக்காக இப்படிச் சிறை இல்லை என்று சொல்லலாம். ஆனால் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகும், பணமும் ஜாமீன்தாரரும் இல்லாமல் உள்ளேயே இருக்கும் விசாரணைக் கைதிகள் இருக்கிறார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்தால் எப்படி உதவலாம் என்று வழி சொல்வார்கள். என்னிடம் படித்தவர்களில் வழக்கறிஞர்கள் குறைந்தது ஐந்து பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது பெரிய வேலையா? மருத்துவமனை பாக்கி கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பம் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். பெரிய தொகை வேண்டாம். ஹேண்டலும் ஓர் ஊரில், ஒரு நண்பகலில், ஒரு மண்டபத்தில்தான் தொடங்கினார்.

அல்லேலூயாவுக்கு எழுந்து நிற்பதா வேண்டாமா என்று என் அண்ணி கேட்டிருந்தார். தாராளமாக நில்லுங்கள் அண்ணி. ஹேண்டல் இருந்தபோதே மக்கள் நின்றதாக 1750களில் எழுதிய கடிதம் இருக்கிறது. அரசர் நின்றாரோ இல்லையோ, ஜனங்கள் நின்றிருக்கிறார்கள். அது போதும்.

உங்கள் ஊரில் இந்த வருடம் யாராவது 'மெசையா' பாடுகிறீர்களா? எங்கே, எப்போது என்று கீழே எழுதுங்கள். முழங்கால் வலி இருந்தாலும் பக்கத்து ஊர் என்றால் வந்துவிடுவேன். காணிக்கையை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மறுத்துப் பேச விரும்புகிறவர்களும் எழுதலாம், சான்றோடு.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்